நல்லா இருக்கேன் என்று மட்டும் சொன்ன நோயாளி

கிழக்குத் தாம்பரம்,
சனிக்கிழமை.

மரியாதைக்கும் கொஞ்சம் பயத்துக்கும் உரிய மச்சான் ஜெபகுமார் அவர்களுக்கு, உங்கள் தங்கை ஞானஜோதியின் கணவன் பாக்கியநாதன் ஸ்தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். ஞானஜோதியின் முழங்கால் மட்டும் சுகமில்லை. அதன் அன்றாட நிலவரம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும், தினமும் போனில் ஒப்பிக்கிறாளே. தூத்துக்குடியில் அக்காவும் பிள்ளைகளும் நலமாயிருக்க வேண்டிக்கொள்கிறோம். அங்கே மழை உண்டா? இங்கே இல்லை. சம்பிரதாயம் அவ்வளவுதான் மச்சான், இதற்குமேல் என்னால் அடக்கிக்கொள்ள முடியாது.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று முகத்தைச் சுளிப்பீர்கள். போனில் சொன்னால் இரண்டாவது வாக்கியத்திலேயே நீங்கள் கத்த ஆரம்பிப்பீர்கள். கடிதத்தில் நீங்கள் கத்தினாலும் எனக்குக் கேட்காது, நான் பாட்டுக்கு எழுதிக்கொண்டே போவேன். நேற்று ராத்திரி நீங்கள் கூப்பிட்டு, "மாப்ளே, வில்பிரட் சரின்னுட்டாரு! எட்டு மாசமா வாயைத் திறக்காத மனுஷன் எப்படி மாப்ளே ஒத்துக்கிட்டாரு? என்ன செஞ்சீங்க?" என்று துள்ளிக் குதித்தபோது, பதில் சொல்லாமல் போனை ஞானஜோதியிடம் கொடுத்துவிட்டு மொட்டை மாடிக்கு ஓடினேன் அல்லவா? என்ன செய்தேன் என்பதைத்தான் இப்போது எழுதுகிறேன். உட்கார்ந்து படியுங்கள். பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். நல்ல செய்திதான், பிரமாதமான செய்திதான், ஆனால் அதற்கு நடுவில் ஒரு வெடிகுண்டு இருக்கிறது, அதை நீங்கள்தான் வந்து எடுக்க வேண்டும்.

உங்களுக்குத் தெரிந்ததையே முதலில் எழுதுகிறேன், வரிசையாக எழுதினால்தான் எனக்கே பிடிபடும். வில்பிரட் சார் உங்கள் கல்லூரித் தோழர், ரிட்டயர்டு தலைமையாசிரியர், அனகாபுத்தூரில் ஆற்றங்கரைப் பக்கத்துச் சந்தில் சொந்த வீடு. மனைவி கிறிஸ்டினா அம்மா கர்த்தருக்குள் நித்திரையாகி இரண்டு வருஷம். ஒரே பையன் ஜெர்சன், திருமுடிவாக்கம் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் இன்ஜினியர், தங்கமான பிள்ளை. அவனுக்கும் நம் மகள் பிளஸ்ஸிக்கும் மனம் ஒத்துப்போய்விட்டது. பிளஸ்ஸி வேலை பார்க்கும் பள்ளிக்கூடம் சேலையூரில் இருப்பதால், கல்யாணத்துக்கு அப்புறம் நம் வீட்டு மாடியில் குடியிருக்கட்டும் என்று நீங்கள்தான் யோசனை சொன்னீர்கள். எல்லாம் கூடி வந்தது. வில்பிரட் சார் வாயிலிருந்து ஒரு வார்த்தைதான் வரவில்லை. எதிலாவது குறை இருக்கிறதா சார் என்றால் "இல்ல". பெண்ணைப் பிடிக்கவில்லையா என்றால் "நல்ல பொண்ணு". அப்புறம் என்ன சார் என்றால் "யோசிச்சுச் சொல்றேன்". எப்படி இருக்கீங்க என்றால் "நல்லா இருக்கேன்". ஈஸ்டரில் ஆரம்பித்தது மச்சான், கிறிஸ்துமஸ் வந்துவிட்டது! பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அந்தப் பெண் அழுகிறாள் என்று ஞானஜோதி சொன்னபோது எனக்கு நெஞ்சு வெந்துபோயிற்று. போன வாரம் என்னிடமே வந்து, "அப்பா, இன்னும் இழுத்தாருன்னா நானே வேணாம்னு சொல்லிடுறேன். ஒருத்தர் வாசல்ல எத்தனை நாள்ப்பா நிக்கிறது?" என்று கேட்டாள்.

இந்த லட்சணத்தில்தான் வீட்டுக்குள் சினிமா வந்தது. பிளஸ்ஸியோடு கல்லூரியில் படித்த ரேஷ்மா என்ற பெண் முதல் படம் எடுக்கிறாள். கதை இதுதான்: ஒரு மனநல மருத்துவர், அவரிடம் ஒரு வினோதமான நோயாளி வாராவாரம் வருகிறார், நாற்காலியில் உட்காருகிறார், என்ன கேட்டாலும் "நல்லா இருக்கேன்" என்கிறார், ஃபீஸைக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார். டாக்டருக்கு ராத்தூக்கம் போய்விடுகிறது. கடைசியில் ஒருநாள் நோயாளி வாய் திறக்கிறார். அவ்வளவுதான் படம். சண்டை இல்லை, பாட்டு இல்லை. இதை யார் பார்ப்பார்கள் என்று கேட்டேன். "நீங்க பார்ப்பீங்க அங்கிள், ஏன்னா நீங்களும் இதுல நடிக்கிறீங்க" என்றாள். மச்சான், அந்த நிமிஷமே வீட்டுச் சாவியைக் கையில் கொடுத்துவிட்டேன்.

என் வேஷம் என்னவென்றால், டாக்டர் அறைக்கு வெளியே பெஞ்சில் காத்திருக்கும் நபர். பேப்பர் படிக்க வேண்டும். கேமரா என்னைக் கடக்கும்போது ஒரு பக்கத்தைத் திருப்ப வேண்டும். கேட்க சுலபம்தான், திருப்பிப் பார்த்தால் தெரியும். சரசரவென்று திருப்பினால் சத்தம், மெதுவாகத் திருப்பினால் திருட்டு முழி. ஒரு வாரம் கண்ணாடி முன்னால் நின்று பழகினேன். ஞானஜோதி, "டெலிபோன்ஸ்ல வேலை பார்த்த காலத்துல இந்த சிரத்தை இருந்திருந்தா பிரமோஷனாவது வந்திருக்கும்" என்றாள். கலைஞர்களுக்கு வீட்டில் மரியாதை கிடையாது, விடுங்கள்.

வியாழக்கிழமை காலையில் யூனிட் வந்து இறங்கியது. நம் முன்னறை டாக்டர் அறை ஆனது. என் ஈசிசேர் பின்கட்டுக்குப் போயிற்று. கேட்டில் "மனநல மருத்துவர்" என்று புத்தம்புதிய போர்டு மாட்டினார்கள். மாட்டி அரை மணி நேரம் ஆகவில்லை, எதிர்வீட்டு அபிதகுஜாம்பாள் மாமி கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்து, "டாக்டர் எப்போ சார் வருவார்? டோக்கன் உண்டா? ரொம்ப நாளா யார்கிட்டயாவது பேசணும்னு இருந்தேன்" என்றார். ஷூட்டிங் மாமி என்றதும் அவர் முகம் சுருங்கிவிட்டது, "ஓ, பொய் டாக்டரா" என்று திரும்பிப் போய்விட்டார். எனக்கே சங்கடமாகப் போயிற்று.

டாக்டராக நடிப்பவர் பிரசன்னா என்ற நடிகர். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால், நம்முடைய வியாதியை எல்லாம் அவரிடம் சொல்லிவிடலாம் போல இருக்கும், அப்படி ஒரு முகம். அவர் ஒரு நிபந்தனை போட்டிருந்தார்: நோயாளியாக நடிக்கிறவரை முன்கூட்டிப் பார்க்கவே மாட்டேன், கேமரா ஓடும்போதுதான் முதல்முறை பார்க்க வேண்டும், அப்போதுதான் நிஜமாக வரும். ரேஷ்மாவும் சம்மதித்து, நோயாளி வேஷத்துக்கு மதுரையிலிருந்து ஒரு மேடை நாடகக்காரரைப் போனிலேயே பேசி வரச்சொல்லியிருந்தாள். உதவி இயக்குநர்களில் ஒருவருக்கும் அவர் முகம் தெரியாது. "அறுபத்தஞ்சு வயசு, வெள்ளைச் சட்டை, கையில குடையோட வருவாரு, வந்ததும் பேசாம மைக்கை மாட்டி உள்ளே உக்கார வச்சுடுங்க, என்ன நடந்தாலும் கட் சொல்ல மாட்டேன்" என்பது ரேஷ்மாவின் உத்தரவு. பஸ்ஸில் வந்தவர் பெருங்களத்தூர் நெரிசலில் மாட்டிக்கொண்டார். ஷாட் மதியத்துக்குமேல்தான் என்று சொல்லிவிட்டார்கள். சரி, அதற்குள் சாயங்காலம் சபைப் பெண்கள் ஐக்கியக் கூட்டத்துக்குச் சுண்டல் செய்துவிடலாம் என்று ஞானஜோதி குக்கரில் கொண்டைக்கடலையைப் போட்டு அடுப்பில் ஏற்றினாள். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த நேரம் பார்த்து, அறுபத்தைந்து வயதில், வெள்ளைச் சட்டையும் கையில் குடையுமாக, சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றவர் யார் என்கிறீர்கள்? நம் வில்பிரட் சார்!

அனகாபுத்தூரிலிருந்து பஸ் பிடித்து, பல்லாவரத்தில் மின்சார ரயில் ஏறி, தாம்பரம் ஸ்டேஷனிலிருந்து நடந்தே வந்திருக்கிறார், நம்மிடம் ஏதோ சொல்லிவிட்டுப் போக. நானும் ஞானஜோதியும் பிளஸ்ஸியும் சமையலறையில் இருந்தோம். வாசலில் இருந்த உதவி இயக்குநர் பெண் பரபரவென்று ஓடி, "வாங்க சார், உங்களுக்காகத்தான் எல்லாரும் வெயிட்டிங்" என்று சட்டையில் மைக்கைக் குத்தி, பிரசன்னா எதிரே உட்கார வைத்துவிட்டாள். அந்த மனுஷர் எப்படி மறுபேச்சில்லாமல் உட்கார்ந்தார் என்று கேட்பீர்கள். இரண்டு நாளாக யோசித்து நானே கண்டுபிடித்திருக்கிறேன். இந்த வருஷம் நம் சபைகளில் கல்யாணத்துக்கு முன்னால் பெண் மாப்பிள்ளைக்குக் கவுன்சிலிங் கொடுக்கிறார்களே, பெற்றோரும் வந்தால் நல்லது என்று போதகர் ஐயர் போன ஞாயிறுதானே அறிக்கை வாசித்தார். நாங்கள் முந்திக்கொண்டு வீட்டிலேயே கவுன்சிலரை வரவழைத்திருக்கிறோம் என்று நினைத்துவிட்டார். கேமரா, லைட்டு, வயர், மைக் எல்லாம் பார்த்துமா என்பீர்கள். மச்சான், ஞானஸ்நானத்திலிருந்து அடக்க ஆராதனை வரைக்கும் லைவ் போடுகிறவர்கள் நாம். நம் ஆட்கள் கேமராவைப் பார்த்து எந்தக் காலத்தில் மிரண்டார்கள்?

நாங்கள் முன்னறையை எட்டிப் பார்ப்பதற்குள் "சைலன்ஸ்" என்று ஒரு குரல். கதவிடுக்கு வழியாகப் பார்க்கிறேன், நாற்காலியில் என் வருங்காலச் சம்பந்தி! கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் பிரசன்னா ஆரம்பித்துவிட்டார். "வணக்கம் சார். எப்படி இருக்கீங்க?"

"நல்லா இருக்கேன்" என்றார் வில்பிரட் சார்.

அந்தப் பக்கம் ரேஷ்மா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வசனம் அச்சு அசலாக வருகிறதே! "தூக்கம் எல்லாம் எப்படி?" "நல்லா இருக்கேன்." "வீட்ல எல்லாரும்?" "நல்லா இருக்கேன்." நாடகக்காரர் பிரமாதப்படுத்துகிறார் என்று யூனிட்டே மூச்சுவிடாமல் நிற்கிறது. பிரசன்னாவுக்கு அதற்குமேல் வசனம் இல்லை, நோயாளி எழுந்து போக வேண்டும். இவர் எழுந்திருக்கவில்லை. மேலே கேமராவைப் பார்த்தார். "இது லைவா?" என்று கேட்டார். பிரசன்னா கெட்டிக்காரர், சமாளித்தார். "இல்ல சார். ரெக்கார்டிங்தான்."

"வெளிய போகுமா?"

"நீங்க போகலாம்னு சொன்னாத்தான் போகும்."

வில்பிரட் சார் குடையைக் கீழே வைத்தார். வைத்துவிட்டுப் பேசினார் மச்சான்! நாற்பது வருஷத் தோழர் உங்களிடம் பேசாததை எல்லாம் பேசினார். "வீட்ல ரெண்டு டம்ளர்ல காப்பி கலக்குறேன் சார். ஒண்ணு ஆறிப்போயிடும், கீழே கொட்டிடுவேன். பையன் கவனிச்சிடக் கூடாதேன்னு டம்ளரை நானே கழுவி வைப்பேன். அவன் காலையில போனா ராத்திரிதான் வருவான். பகல்ல பேச ஆள் கிடையாது. சமைக்கிறப்ப குக்கர்கிட்ட பேசுவேன். சிரிக்காதீங்க. கிறிஸ்டினா சமையக்கட்டுல நின்னுக்கிட்டுத்தான் எனக்குப் பதில் சொல்லுவா, மூஞ்சியைப் பார்த்துப் பேசினதே இல்ல. அந்தப் பழக்கம். ஏதாவது கேப்பேன், ஒரு விசில் வந்தா வேணாம்னு அர்த்தம், ரெண்டு வந்தா சரின்னு அர்த்தம். லைட் பில் கட்டட்டுமா, ஒரு விசில். அவ அப்படித்தான், கடைசி நாள் வரைக்கும் கட்ட விடமாட்டா."

லைட்மேன் ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல் பின்கட்டுக்கு ஓடிவிட்டார். வில்பிரட் சார் குரல் தணிந்துவிட்டது. "பையனுக்குப் பொண்ணு பார்த்திருக்கு. தங்கமான பொண்ணு. கல்யாணம் ஆனா தாம்பரம் வந்துடுவான். வரணும், அதுதான் நியாயம். நான் அந்த வீட்ல... எப்படி சார் வாயைத் திறந்து சொல்றது? சின்னப் பிள்ளைங்க சந்தோஷத்துக்குக் குறுக்க, எனக்கு ராத்திரி பயமா இருக்குன்னு ஒரு ஹெட்மாஸ்டர் சொல்லலாமா? அவகிட்ட கேட்டேன். மூணு விசில் அடிச்சிடுச்சு. மூணுக்கு என்ன அர்த்தம்னு நாங்க பேசி வச்சுக்கலையே! அதான் எட்டு மாசமா யோசிச்சுக்கிட்டே இருக்கேன்."

நம் பிளஸ்ஸி இடுப்பில் செருகிய துப்பட்டாவை இழுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பாவி, நான் இவரை வரதட்சணைக்காக முறுக்குகிறார் என்று உங்களிடமே எத்தனை தரம் திட்டியிருக்கிறேன்! அந்த உருக்கத்தில் திடீரென்று பின்னால் ஒரு சீறல் கேட்டது. திரும்பினால் அடுப்பில் நம் குக்கர், வெயிட் லேசாக ஆட ஆரம்பிக்கிறது. பாய்ந்து போய் கேஸை அணைத்தேன். அணைத்தால் மட்டும் அடங்கிவிடுமா? உள்ளே சேர்ந்த ஆவி சேர்ந்ததுதானே. வந்தது மச்சான், முழு நீளத்தில், வீடே அதிர, ஒரு விசில்!

முன்னறையை எட்டிப் பார்த்தேன். வில்பிரட் சார் தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்து உட்கார்ந்திருக்கிறார். பிளஸ்ஸி என்னைப் பார்த்தாள். ஞானஜோதி என்னைப் பார்த்தாள். ஒரு விசில் என்றால் வேணாம்! என் மகள் வாழ்க்கை ஒரு விசிலில் நிற்கிறது, அடுப்பை அணைத்த மகாபாவி நான்! லைட்டரை எடுத்து அடித்தேன். டக். பற்றவில்லை. டக், டக். அவசரத்தில் குமிழையே திறக்காமல் அடித்துக்கொண்டிருக்கிறேன். ஞானஜோதி தலையில் அடித்துக்கொண்டு குமிழைத் திருகினாள், குப்பென்று பற்றிக்கொண்டது. பெரிதாக வை என்று அவள் கண்ணால் உருட்ட, நான் முழுக்கத் திருக, மூன்று பேரும் குக்கரைச் சுற்றி நின்று கையைக் கோர்த்துக்கொண்டோம். நம் குடும்ப ஜெபத்தில்கூட அப்படி ஒருமனப்பட்டு நின்றதில்லை. எத்தனை நேரம் போனது என்று தெரியாது, என் ஆயுசில் பாதி போயிற்று. அப்புறம் வந்தது, இரண்டாவது விசில்! ஆண்டவரே, அதைவிட இனிமையான சங்கீதத்தை நான் எந்தக் கச்சேரியிலும் கேட்டதில்லை.

சந்தோஷப்பட நேரம் ஏது? மூன்றாவது வந்தால் மறுபடி எட்டு மாசம்! அடுப்பை அணைத்து, ஈரத் துண்டைப் போட்டுக் குக்கரை அப்படியே தூக்கினேன். வெறுங்காலோடு பின்கட்டுக்கு ஓடினேன். அங்கே துவைக்கிற கல்லருகே தண்ணீர்த் தொட்டி. முக்கினேன் பாருங்கள், புஸ்ஸென்று ஒரு பெருமூச்சு, அவ்வளவுதான், அடங்கியது. சிரிக்க ஓடிவந்த லைட்மேன் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். "இன்னா சார், குக்கரத் தூக்கினு வந்து குளிப்பாட்டினு கீற? உனக்கும் அந்த டாக்டர்தான் வைத்தியமா?" என்றார். உஷ் என்று காலில் விழாத குறையாகக் கும்பிட்டேன். உள்ளே வில்பிரட் சார், "சரிங்கிறா" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டுச் சிரித்ததாக ஞானஜோதி சொன்னாள். எனக்கு அந்தக் காட்சியைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. கைவிரல் இரண்டில் கொப்புளம். இந்தக் கோழிக் கிறுக்கல் எழுத்துக்கு அதுதான் காரணம்.

நான் திரும்பி வருவதற்குள் இன்னொரு கூத்து. வில்பிரட் சார் எழுந்து நின்று, "ஜெபம் பண்ணி முடிச்சிடலாமே சார்" என்று கண்ணை மூடிவிட்டார். பிரசன்னா குன்றத்தூர் முருகனுக்கு மொட்டை போட்டுக்கொண்டவர். அதற்காகவே தலையில் விக் வைத்து நடிக்கிறார். பாவம், என்ன செய்வார்? அவரும் கண்ணை மூடிக்கொண்டு, "ஆண்டவரே... இந்த சாருக்கு... ராத்திரியில பயம் இல்லாம... பேச்சுத்துணைக்கு ஆள் இருக்கணும். அந்த அம்மாவையும் நல்லபடியா பாத்துக்கோங்க. நன்றி, வணக்கம்" என்றார். வில்பிரட் சார் "ஆமென்" என்றார். கேமராமேன், மேக்கப், சாப்பாடு கொண்டுவந்தவர், மொத்த யூனிட்டும் "ஆமென்" என்றது. ஐந்தாறு பேர் நிஜமாகவே அழுதுகொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில்தான் கேட்டில் ஆட்டோ வந்து நின்று, வெள்ளைச் சட்டையும் குடையுமாக இன்னொரு பெரியவர் இறங்கி, "மன்னிக்கணும், பயங்கர டிராஃபிக்" என்றார். ரேஷ்மா இவரைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

வில்பிரட் சார் எதையும் கண்டுகொள்ளவில்லை. என் கையைப் பிடித்து (கொப்புளம் உள்ள கையை, மச்சான்!), "நல்ல ஏற்பாடு பாக்கியநாதன். கவுன்சிலர் ரொம்ப பொறுமைசாலி. நிச்சயதார்த்தத்துக்கு நாள் பாருங்க" என்று சொல்லிவிட்டு, பிளஸ்ஸி தலையில் கைவைத்து ஆசீர்வதித்துவிட்டு, ரயிலுக்குப் போய்விட்டார். அன்று வீட்டில் நடந்த கொண்டாட்டத்தை எழுத ஒரு நோட்டு போதாது. ஞானஜோதி முன்னறையை வில்பிரட் சாருக்கு என்று அப்போதே ஒதுக்கிவிட்டாள். பிள்ளைகள் மாடியில், அவர் கீழே, அனகாபுத்தூர் வீட்டுக்கு நினைத்தபோது போய்வரட்டும் என்று ஏற்பாடு. என் ஈசிசேர் பின்கட்டிலேயே கிடக்கும். கிடக்கட்டும், எனக்கு வருத்தமில்லை.

இனி வெடிகுண்டு. ரேஷ்மா சாயங்காலம் வந்து, "அங்கிள், அந்த சீன்தான் என் படமே. நடிச்சு வராது அது. ஆனா அவர் முழு மனசோட சரின்னு சொல்லாம ஒரு ஃப்ரேம் கூட வெளிய போகாது, வேணாம்னா அழிச்சிடுறேன்" என்றாள். பிரசன்னாவும் "நான் வாக்குக் குடுத்திருக்கேன்" என்கிறார். நல்ல பிள்ளைகள்தான். ஆனால் இதை வில்பிரட் சாரிடம் யார் சொல்வது? பெற்ற பிள்ளைக்குக்கூடத் தெரியாமல் டம்ளர் கழுவிவைக்கிற மனுஷரிடம் போய், நீங்கள் மனம் திறந்து பேசியதை இருபது பேர் பார்த்தார்கள், அந்தக் கவுன்சிலர் நடிகர், இரண்டாவது விசில் நான் அடித்தது என்று எந்த வாயால் சொல்ல? கூனிக்குறுகிப் போய்விடுவார். அந்த அவமானத்தில் கல்யாணத்தை நிறுத்தினால்கூட நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். மறைத்து நடத்திவிடலாம் என்றும் ஒரு நிமிஷம் நினைத்தேன், பிளஸ்ஸி கேட்கவில்லை. "பொய்யில ஆரம்பிக்கிற வீட்டுக்கு நான் போகமாட்டேன்ப்பா, அவருக்குத் தெரிஞ்சே ஆகணும்" என்கிறாள். சொன்னால் கல்யாணம் நிற்கும், சொல்லாவிட்டால் மகள் நிறுத்துவாள். ஆகவே மச்சான், உங்கள் காலைத் தொட்டுக் கேட்கிறேன், இந்தக் கடிதம் கண்டதும் ரயில் ஏறுங்கள். நீங்கள் அவருக்கு நாற்பது வருஷ சிநேகம். பக்குவமாக, கொஞ்சம் கொஞ்சமாக, நல்ல சாப்பாட்டுக்கு அப்புறம், நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். அதுவரை அவர் போன் செய்தால் எடுக்காதீர்கள். எடுத்தாலும் உளறாதீர்கள். உளறுவது நம் குடும்பத்தில் என் இலாகா.

அக்காவுக்கு எங்கள் அன்பின் வாழ்த்துகள். பிள்ளைகளுக்கு முத்தங்கள். கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும், முக்கியமாக வரத்தை, சீக்கிரமாக வாய்க்கப்பண்ணுவாராக.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள மைத்துனன்,
பாக்கியநாதன்

பி.கு.: வர வேண்டாம். ரயில் டிக்கெட் எடுத்திருந்தால் கேன்சல் செய்யுங்கள். கடிதத்தை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருக்கும்போதே வாசலில் வில்பிரட் சார் வந்து நிற்கிறார். அவரைப் பார்த்ததும் பக்குவமாவது ஒன்றாவது, வாசற்படியிலேயே எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "முடிச்சிட்டீங்களா?" என்றார். "கேட்டைத் திறக்கும்போதே போர்டுல கை பட்டு பெயின்ட் ஒட்டிச்சு. சர்வீஸ் முழுக்க ஸ்கூல்ல டிராமா போட்டவன் நான், செட் எது, வீடு எதுன்னு தெரியாதா? கவுன்சிலர்ன்னதெல்லாம் உங்களைச் சீண்டத்தான். நிஜக் கவுன்சிலரா இருந்திருந்தா நல்லா இருக்கேன்னுட்டு எழுந்து போயிருப்பேன். நடிப்புன்னா உண்மையைத் தைரியமா சொல்லலாம், ஒருத்தரும் நம்பமாட்டாங்க" என்றார். அப்போ அந்த விசில், என்று இழுத்தேன். "உங்க லைட்டர் சத்தம் எனக்குக் கேட்டுச்சு பாக்கியநாதன். கிறிஸ்டினா எனக்கு என்னிக்கு ரெண்டாவது தடவை யோசிச்சு சரின்னு சொல்லியிருக்கா? மகளுக்காக ஒரு மனுஷன் குக்கரோட மல்லுக்கட்டுறான்னா, அந்த வீட்ல என் பையனும் நல்லா இருப்பான், நானும் இருப்பேன்னு தோணுச்சு" என்றார். நான் அழுதுவிட்டேன் மச்சான், வெட்கமில்லாமல் அழுதுவிட்டேன். பிளஸ்ஸி இரண்டு டம்ளர் காப்பியோடு வந்து, ஒன்றை அவரிடம் கொடுத்து, மற்றதைத் தானே வைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

காட்சியைப் படத்தில் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். விஷயம் கேட்டு ஓடிவந்த ரேஷ்மா ஆனந்தத்தில் அவருக்காக இன்னும் நாலு சீன் எழுதுகிறாள். அதனால் நிச்சயதார்த்தத்தை ஒரு வாரம் தள்ளிவைக்க வேண்டுமாம், நாங்கள் குறித்து வைத்த சனிக்கிழமை அவருக்கு ஷூட்டிங். புது சீன் ஒன்றில் நோயாளிக்கு ஒரு சம்பந்தி வருகிறார், அங்கிளையே போடலாமா என்று ரேஷ்மா கேட்டாள். நான் சட்டென்று எழுந்து நின்று முடியைக் கோதிக்கொண்டேன். வில்பிரட் சார் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இவர் வேணாம்மா, சம்பந்தி மாதிரியே இல்ல. வேற நல்ல நடிகராப் பாரு. இவர் எனக்கு நிஜத்துக்குப் போதும்" என்று சொல்லிவிட்டார்.